மகேஷ் சார் எழுதிய ஒரு பக்கம்

மதியம் ஒன்றரை மணி இருக்கும். விருதுநகர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில், மூன்றாவது தடுப்புக்குள் உட்கார்ந்து ஒரு மின்னஞ்சலை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"மகேஷ் சார், வணக்கம். உங்கள் கையேட்டில் போட்டிருந்தபடியே செய்தேன். பன்னிரண்டு மாதமும் போய்விட்டது. திங்கட்கிழமை அச்சு மெஷினில் ஏற வேண்டும். என்ன செய்வதென்று தெரியவில்லை. தங்கராசு, சிவகாசி."

மேலே மின்விசிறி சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை. பக்கத்துத் தடுப்பில் யாரோ தேர்வு முடிவு பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அரை மணிக்கு வந்தவள், டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

மகேஷ் சார் என்பது நான்தான்.

வீட்டில் மகேஸு. பள்ளிச் சான்றிதழில் மகேஸ்வரி. மின்னஞ்சல் முகவரி தொடங்கிய அன்று முழுப் பெயரை வேறு யாரோ எடுத்துவிட்டிருந்ததால், பாதிப் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். நான் சேர்ந்திருந்த மின்னஞ்சல் மடற்குழுவில் முதல் பதில் எழுதியவர் "மகேஷ் சார்" என்று தொடங்கினார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். முதல் வாரமே சொல்லியிருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும். ஒரு வருஷம் கழித்துச் சொல்ல வேண்டுமென்றால், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதனால் தள்ளிக்கொண்டே போனது.

அச்சகத்துக்கு ஒரு எழுத்து

அந்த மடற்குழு எதற்காக என்று சொன்னால்தான் தங்கராசுக்கு என்ன போனது என்று புரியும்.

நான் அப்போது ஜெயக்கொடி அக்காவின் டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். கடையில் தமிழ் அடிக்க ஓர் எழுத்துரு வைத்திருந்தோம். அதில் அடித்ததை இன்னோர் அச்சகத்தில் திறந்தால், அங்கே வேறு எழுத்துரு இருக்கும். அத்தனையும் பூச்சிபூச்சியாகத் தெரியும். ஒருமுறை காரியாபட்டிக்காரர் ஒருவர் தன் மகன் கல்யாணப் பத்திரிகையை நாங்கள் கொடுத்த பிளாப்பியோடு சிவகாசிக்குக் கொண்டுபோனார். மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஒரு பவுண்டு குறியும் இரண்டு கேள்விக்குறியும் இருந்ததாம். அவர் திரும்பி வந்து அக்காவிடம், "எம் மகனுக்கு இப்படியா பேரு வச்சேன்?" என்று கேட்டார்.

எல்லா ஊர் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறை வந்திருந்தது. பழைய எழுத்துருவில் அடித்ததை அந்தப் பொது முறைக்கு மாற்ற, பெங்களூர், ஈப்போ, டொராண்டோ என்று சிதறிக் கிடந்த சிலர் சேர்ந்து ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார்கள். மாற்றி என்றுதான் பெயர். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், தங்கள் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளலாம். எழுத்துருவுக்கு ஓர் அட்டவணை தேவை: இடது பக்கம் பழைய குறி, வலது பக்கம் சரியான எழுத்து. எங்கள் கடை எழுத்துருவுக்கு அட்டவணை இல்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே எழுதி அனுப்பினேன்.

நிரலைப் பார்த்துக்கொண்டிருந்த பெங்களூர் சிவபாலன் நன்றி சொல்லி எழுதினார். கூடவே, "கையேடு புரிகிறதா?" என்று கேட்டார். புரியாத இடத்தையெல்லாம் வரிசையாக எழுதி அனுப்பினேன். "அப்படியென்றால் நீங்களே எழுதிவிடுங்களேன்" என்று பதில் வந்தது.

கையேடு இணையத்தில் இருந்தது. குழுவில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பெரும்பாலும் நான் மட்டும்தான் திருத்தினேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் கடைக் கணினியில் செய்து பார்த்து, என்ன நடந்ததோ அதை எழுதுவேன். என்னைப்போல ஒன்றும் தெரியாத ஆள் படித்தாலும் விழுந்துவிடாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

ஆமத்தூரில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை.

"சம்பளம் இல்லங்குற. ஆளையும் பாத்ததில்லங்குற. பெறகு யாருக்குத்தான் வேல பாக்க?"

"கோயில் கொடைக்குப் பந்தல் போடுறாகள்லம்மா, அந்த மாதிரி."

"அங்கனயாவது பொங்கச்சோறு குடுப்பாக" என்றாள் அம்மா.

வைகாசியில் எழுதியது

நான் செய்து பார்க்காமல் எழுதியது ஒரே ஒரு பக்கம்.

அந்த வைகாசியில் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்தன. கடை வாசலில் ஆட்கள் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாற்றியின் புதிய பதிப்பு வந்தது. ஒரு கோப்பாக இல்லாமல், ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே கட்டளையில் மாற்றும் வசதி. சிவபாலன் அதைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தார். ஒற்றைக் கோப்பை மாற்றும்போது பழையது அப்படியே இருக்கும், பக்கத்தில் புதியது உருவாகும். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, பத்து நிமிஷத்தில் எழுதிப் போட்டேன்: "பழைய கோப்புகளில் எந்த மாற்றமும் வராது."

அப்படி இல்லை. கோப்புறையாகக் கொடுத்தால், மாற்றி பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடும்.

தங்கராசு ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளர். அடுத்த ஆண்டுக்கான தினசரிக் காலண்டர் வேலை ஆனியில் மும்முரமாக நடக்கும். நாளுக்கு ஒரு தாள். திதி, நட்சத்திரம், ராகு காலம், நல்ல நேரம். மாதத்துக்கு ஒரு கோப்பாகப் பன்னிரண்டு. மூன்று முறை மெய்ப்புப் பார்த்து முடித்தவை. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் கணினியில் படித்துப் பார்க்க யூனிகோடில் கேட்டிருக்கிறார்கள். அவர் என் கையேட்டை நம்பிக் கட்டளை கொடுத்திருக்கிறார். பன்னிரண்டும் யூனிகோடாகிவிட்டன. அவருடைய பக்கம் கட்டும் மென்பொருளோ பழைய எழுத்துருவை மட்டுமே அறியும். திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறி.

நான் அடுத்துச் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அவருக்குப் பதில் எழுதும் முன்பு, கையேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அந்த வரியை அழித்தேன். "எச்சரிக்கை: பழைய கோப்புகள் அழிந்துவிடும். முதலில் நகல் எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதிச் சேமித்தேன். அதன் பிறகுதான் அவருக்கு, நாளைக்கு நேரில் வருகிறேன் என்று எழுதினேன்.

கடைக்குத் திரும்பியபோது அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"நாளைக்கு லீவு வேணுங்க்கா. சிவகாசி வரைக்கும் போகணும்."

"கல்யாணச் சீசன் முடிஞ்சுருச்சு, போய்ட்டு வா" என்றவள், டிபன் பாக்ஸைத் தூக்கிப் பார்த்தாள். "சோத்தக்கூடத் தொடல. அம்புட்டுப் பெரிய விசயமா?"

டிபன் பாக்ஸை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

சுவரில் ஒட்டிய தாள்

வெள்ளிக்கிழமை காலை பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒத்திகையில் எல்லாம், கையேட்டில் எச்சரிக்கை இருக்கிறதே என்றுதான் பேச்சு போனது.

அச்சகத்தின் பின்பக்கம், மை வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் கலந்த ஒரு சின்ன அறை. தங்கராசுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். ஷேவ் செய்திருக்கவில்லை. எழுந்து நின்றவர் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"வாங்கம்மா. சார் வரலீகளா?"

"நான்தான் அண்ணாச்சி. மகேஸ்வரி."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு, அதைப் பற்றி யோசிக்கவும் தெம்பில்லாதவர்போல நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக, தண்ணி குடிங்க."

திரைக்குப் பக்கத்தில், சுவரில், என் கையேடு. அச்சகக்காரர் அல்லவா, எல்லாப் பக்கத்தையும் அச்செடுத்து ஒட்டி வைத்திருந்தார். முக்கியமான வரிகளுக்குக் கீழே பச்சை மையில் கோடு. "பழைய கோப்புகளில் எந்த மாற்றமும் வராது" என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு.

"இதைப் படிச்சுட்டுத்தாம்மா செஞ்சேன்" என்றார். "ஆனா நேத்துச் சாயந்தரம் சைட்டுல பாத்தா எச்சரிக்கைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. எனக்கு ஒண்ணும் ஓடல. நான் எடுத்த பிரிண்ட்டு பழசு போல. புதுசைப் பாக்காம செஞ்சது என் தப்புத்தான். முதலாளி கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்த இடத்தில் நின்றுபோனது. நான் திருத்திய ஒரு வரி, ஒரு மனிதரைத் தன்மேலேயே பழி போட்டுக்கொள்ள வைத்திருந்தது.

"பழசு இல்ல அண்ணாச்சி. நேத்து மதியம் வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒங்க லெட்டரைப் பாத்த பிறகு நான்தான் மாத்தினேன். அந்தப் பக்கத்தை மட்டும் நான் செஞ்சு பாக்காம எழுதிட்டேன்."

அவர் திரும்பிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். வெளியே யாரோ காகிதக் கட்டைத் தொப்பென்று இறக்கினார்கள்.

"ஏம்மா மாத்தினீக?"

"பயந்துட்டேன்."

தங்கராசு தலையைச் சொறிந்துகொண்டார். "நானும் முதலாளிட்ட கம்ப்யூட்டர்ல வைரஸுன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார். "ரெண்டு நாளா வீட்டுலகூடச் சொல்லல."

அதற்கு மேல் நாங்கள் இருவரும் யார் தப்பு என்று பேசவில்லை.

"நகல் ஒண்ணுமே இல்லியா?" என்றேன்.

"திருத்தத்துக்கு முந்துன காப்பி சி.டி.யில இருக்கு. அதை வச்சு என்ன செய்ய? மூணு தடவ திருத்தினது பூரா இதுலதான இருந்துச்சு. ஒரு ராகு காலம் மாறிப்போனாலும் ஆர்டர் திரும்பிரும்."

அந்தத் தொலைபேசிப் பேச்சு

மாற்றியோடு வரும் குறிப்பில் சிவபாலனின் கைபேசி எண் இருந்தது. அதுவரை அவரோடு பேசியதில்லை. தங்கராசின் மேசைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"வணக்கங்க. விருதுநகர் மகேஷ் பேசுறேன்."

அவர் இழுத்தார். "மகேஷுக்கு நீங்க..."

"நான்தான் மகேஷ். மகேஸ்வரி."

"ஒரு வருஷமா சார், சார்னு எழுதிட்டிருந்தேனே."

"ஆமாங்க. அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். பக்கத்தைச் செய்து பார்க்காமல் எழுதியது, நேற்று ஓசைப்படாமல் திருத்தியது, எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மேல எழுதுற மாதிரி வச்சது நானுங்க" என்றார் கடைசியில். "வட்டுல இடம் பத்தலைன்னு ஒருத்தர் கேட்டார்னு அப்படிப் பண்ணிட்டேன். குறிப்புல ஒரு வார்த்தை எழுதியிருக்கணும். எழுதல."

"எனக்கு நிரல் எழுதவும் தெரியாதுங்க. அதையும் சொல்லிடுறேன்."

அவர் சிரித்தார். "அது தெரியும். நிரல் தெரிஞ்சவங்க யாரும் உங்க மாதிரி கேள்வி கேக்க மாட்டாங்க. கையேடு நல்லா இருக்கிறதே அதனாலதான்."

தங்கராசு தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளினார்.

யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்குத் திருப்பி மாற்ற முடியுமா என்று கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை, யாருக்கும் தேவைப்பட்டதும் இல்லை என்றார். அட்டவணையைத் தலைகீழாக்கினால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். மீதிப் பாதிதான் சிக்கல். தங்கராசின் அச்சகத்திலும் எங்கள் கடையின் எழுத்துருவேதான். அதில் 'கி', 'ணி', 'ரி' ஆகியவற்றின் மேலே வளையும் மேல்விலங்கு ஒன்றுபோல இருக்காது. எழுத்தின் அகலத்துக்குத் தக்கபடி மூன்று மேல்விலங்கு. யூனிகோடில் அந்த வேறுபாடே கிடையாது. திரும்பி வரும்போது எந்த எழுத்துக்கு எந்த மேல்விலங்கு?

"அது எனக்குத் தெரியும்" என்றேன். எட்டு வருஷமாக அடித்த விரல்கள். கேட்டால் வாய் சொல்லாது, விசைப்பலகையில் கை வைத்தால் விரல் சொல்லும்.

அன்று சாயந்தரத்துக்குள், தங்கராசு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, நான் அடித்துப் பார்த்து, எந்த விசை என்று எழுதினேன். உயிர்மெய் வரிசை முழுவதும், கிரந்த எழுத்தும் சேர்த்து. சிவபாலனுக்கு அனுப்பிவிட்டு ஏழு மணி வண்டியைப் பிடித்தேன்.

போய்த் திரும்பி வந்தது

சனிக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது சிவபாலனின் நிரல் வந்திருந்தது. அதைச் சோதிக்க ஒரு வழியும் சொல்லியிருந்தார். சி.டி.யில் இருக்கும் திருத்தாத கோப்பை எடுங்கள். நகலை யூனிகோடாக்குங்கள். புதிய நிரலால் திருப்பி மாற்றுங்கள். போன கோப்பும் வந்த கோப்பும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால், நிரல் சரி. அதன் பிறகுதான் அசல் பன்னிரண்டில் கை வைக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் பக்கம் பக்கமாக வித்தியாசம். 'கொ', 'கோ' எல்லாம் கால் முளைத்து இடம் மாறி நின்றன. எழுதி அனுப்பினேன். அரை மணியில் புதுப் பதிப்பு வந்தது. அடுத்த ஓட்டத்தில் ஒரே பக்கத்தில் அடங்கியது. அதிலும் பாதி என் பிழை. 'ளி'க்குத் தவறான மேல்விலங்கு கொடுத்திருந்தேன். ஈப்போவிலிருந்து ஒருவர், மலேசியப் பள்ளியில் கணக்காசிரியர், தானும் பார்க்கிறேன் என்று சேர்ந்துகொண்டார். 'ஸ்ரீ' இரண்டு விதமாக அடிக்கப்பட்டிருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். முகூர்த்த நாள் குறிப்புகளில் ஒரு விதம், விழாப் பெயர்களில் இன்னொரு விதம்.

மதியம் தங்கராசு வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் புளிச்சோறு வந்தது. "சாப்பிடுங்கம்மா, காலைலயும் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீக" என்றார். இரண்டு வாய் இறங்கியது.

மூன்று மணி வாக்கில், ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. மறுபடி கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை.

"என்னாச்சு? நின்னுருச்சா?" என்றார்.

"வித்தியாசம் இருந்தாத்தான் அண்ணாச்சி வரும். இல்லன்னா ஒண்ணும் வராது."

அவருக்கு நம்பிக்கை இல்லை. எனக்கும்தான். வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றிவிட்டு மறுபடி கொடுத்தேன். அந்த ஓர் எழுத்தை மட்டும் காட்டியது. சரி செய்துவிட்டுக் கொடுத்தேன். திரை காலியாக இருந்தது.

பிறகு அசல் பன்னிரண்டு. இந்த முறை முதலில் நகல் எடுத்தோம், இரண்டு நகல். ஒவ்வொரு மாதமாக மாற்றினேன். தங்கராசு மெய்ப்புத் தாள் கட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். சிவப்பு மைத் திருத்தம் உள்ள தாளாகப் பார்த்து எடுத்துத் திரையோடு ஒப்பிட்டார். ஜனவரியில் நாலு தாள். மார்ச்சில் ஆறு. டிசம்பருக்கு வரும்போது தாளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

"செவப்பு மையில அடிச்சது பூரா வந்திருக்கும்மா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

பதில்கள்

விருதுநகரில் இறங்கியதும் நேரே பிரவுசிங் சென்டருக்குப் போனேன். வீட்டுக்குப் போனால் தைரியம் போய்விடும் என்று தெரியும். குழுவுக்கு எழுதினேன். அந்தப் பக்கத்தைச் செய்து பார்க்காமல் எழுதினேன். பிரச்சினை வந்ததும் யாருக்கும் சொல்லாமல் திருத்தினேன். அதனால் ஒருவர் செய்யாத தப்பைத் தன் தப்பு என்று நினைத்தார். எனக்கு நிரல் தெரியாது. நான் சாரும் இல்லை. அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திராமல் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று வீட்டில் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பில் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். "எவ வீட்டுலயும் சோறு போடலயா ஒனக்கு?" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குத்தான் பதில்களைப் பார்த்தேன். டொராண்டோக்காரர், தானும் இருமுறை அப்படி ஓசைப்படாமல் திருத்தியதாக எழுதியிருந்தார். ஒருவர் கடுமையாகவே எழுதியிருந்தார். படித்தேன், அவர் சொன்னது சரிதான். ஈப்போக்காரர் "மகேஸ்வரி அவர்களுக்கு" என்று தொடங்கி, 'ஸ்ரீ' சங்கதியைக் கையேட்டில் எங்கே சேர்ப்பது என்று மட்டும் கேட்டிருந்தார். சிவபாலன் இரண்டு வரி: இனிக் கையேட்டுப் பக்கத்தை மகேஸ்வரி செய்து பார்த்துச் சரி என்று சொல்லாமல் எந்தப் பதிப்பும் வெளியே போகாது. கோப்புறை வசதி இனிப் பழையதைத் தொடாது.

கடைக்கு வந்தால், அக்கா தொலைபேசியை நீட்டிக்கொண்டிருந்தாள். "யாரோ சிவகாசி அண்ணாச்சியாம். மூணாவது தடவ கூப்பிடுதாரு."

"அண்ணாச்சி, என்னாச்சு?" என்றேன். பழைய பயம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது.

அவர் பதில் சொல்லவில்லை. ரிசீவரை எதற்கோ பக்கத்தில் கொண்டுபோனார் போலிருக்கிறது. கடகடவென்று ஒரே சீராக ஒரு சத்தம். நடுவில் தாள் விழுகிற சரசரப்பு.

"கேக்குதாம்மா?" என்றார் தூரத்திலிருந்து. "ஜனவரி மாசம் ஓடுது."

"கேக்குது" என்றேன். "கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருங்க."